மகாராஜா கேட்ட சுத்தமான மண்

மருதமங்கலத்து ராஜா கனகசேனருக்கு ஒரு பழக்கம். விடிந்ததும் வெறுங்காலோடு நந்தவனத்தில் நடப்பார். ஒருநாள் ஈரச் சருகு ஒன்று பாதத்தில் ஒட்டிக்கொண்டது. தட்டினார், போகவில்லை. உதறினார், போகவில்லை. குனிந்து எடுத்தால் விரலெல்லாம் சாணம்!

"என் மண்ணில் குப்பையா?" என்று போட்டாரே ஒரு சத்தம், மயில்கள் மதில்மேல் ஏறிவிட்டன.

அன்றே உத்தரவு பறந்தது. சருகு, சாணம், உதிர்ந்த பூ, எதுவும் மண்ணில் கிடக்கக் கூடாது. கூட்டு, சலி, கொளுத்து!

இரண்டு மழைக்காலம் போயிற்று. நந்தவனம் துடைத்து வைத்த தாம்பாளம் போல இருந்தது. மல்லிகைதான் குச்சி குச்சியாக நின்றது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. வெயில் அடித்தால் மண் பாளம் பாளமாக வெடிக்கும். ராணியின் ஊஞ்சல் விழாவுக்கு ஒரு முழம் பூ தேறவில்லை.

பழி தோட்டக்காரி அங்காயி தலையில் விழுந்தது.

"அடியேன் சொல்வது என்னவென்றால்," என்று மூக்கால் பேசினார் மந்திரி திருவேங்கடத்தார், "இவள் சோம்பேறி. அனுப்பிவிடலாம். என் மைத்துனன் சும்மாதான் இருக்கிறான்."

"பௌர்ணமிக்குள் வழி பார். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டு," என்றார் ராஜா.

அங்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அரண்மனை விகடகவி சொக்கேசனிடம் போனாள். "கூட்டச் சொன்னாங்க, கூட்டினேன். கொளுத்தச் சொன்னாங்க, கொளுத்தினேன். இப்ப என்னையே கூட்டித் தள்ளுறாங்களே தம்பி!"

"அடியேன் சொல்வது என்னவென்றால்..." என்று சொக்கேசன் மூக்கால் ஆரம்பித்தான். அச்சு அசல் மந்திரி! அழ வந்தவள் சிரித்துவிட்டாள். "கவலைப்படாதீங்க அக்கா. ராஜா கேட்டதை அப்படியே கொடுத்துடுவோம்."

மறுநாள் சபையில் எழுந்தான். "அரசே, காரணம் தெரிந்துவிட்டது. மண் இன்னும் சுத்தம் போதவில்லை!"

"அதேதான்!" என்று துள்ளினார் மந்திரி.

"மக்கிப்போன சருகுத் தூள் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதையும் எடுத்துவிடட்டுமா?"

"துளி விடாமல் எடு!" என்றார் ராஜா.

பௌர்ணமியன்று பட்டுத்துணி மூடிய இரண்டு தாம்பாளங்களோடு வந்தான் சொக்கேசன். ராஜா முதல் துணியை விலக்கினார்.

"என்னடா இது, செங்கல்!"

"தங்கள் நந்தவனத்து மண்தான் அரசே. ஒளிந்த குப்பையை எரிக்க வேறு வழியில்லை. பிசைந்து சூளையில் வைத்துவிட்டேன். மிதித்துப் பாருங்கள், காலில் ஒட்டவே ஒட்டாது."

"இதில் மல்லிகையை எப்படியடா நடுவது?"

"மந்திரியார் நட்டுக் காட்டுவார்."

சொக்கேசன் நீட்டிய மல்லிகைக் குச்சியை மந்திரி செங்கல்மேல் ஊன்றினார். வளைந்தது. அழுத்தினார். ஒடிந்தது. சொக்கேசன் பவ்யமாக ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினான். அவ்வளவும் வழிந்து மந்திரியின் மடியில் இறங்கியது.

இரண்டாவது தாம்பாளத்தில் ஒரு தொட்டி. கறுத்த மண், கொத்துக் கொத்தாக மல்லிகை. அதிலும் ஒரு செம்பு தண்ணீர். மண் மடக்கென்று குடித்துவிட்டது. ராஜா விரலை விட்டுப் பார்த்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. மண்புழு ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"இது எங்கே கிடைத்தது?"

"யானைக் கொட்டடிக்குப் பின்னால் அரசே. மந்திரியார் துரத்தினால் நான் ஒளிகிற இடம். துடைப்பம் அங்கே வந்ததில்லை. சருகும் சாணமும் விழுந்து, மக்கி, மண்ணோடு மண்ணாகிவிட்டன."

ராஜா பூவை முகர்ந்தார். குரல் இறங்கியது. "அப்படியானால் இத்தனை நாள் நான் கொளுத்தியது..."

"மல்லிகையின் சாப்பாட்டை, அரசே."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அங்காயி வேலையில் இருக்கலாம், சருகெல்லாம் செடியடிக்கே போகலாம், தாம் இனி பாதக்குறடு போட்டுக்கொள்ளலாம் என்று மளமளவென்று உத்தரவிட்டு, கைக்காப்பைக் கழற்றிச் சொக்கேசனுக்குப் போட்டார்.

"சரி, இந்தச் செங்கல்லை என்ன செய்வது?"

சொக்கேசன் மூக்கால் இழுத்தான். "அடியேன் சொல்வது என்னவென்றால், இந்தச் செங்கல் தோட்டத்தை மந்திரியாரின் மைத்துனருக்கே கொடுத்துவிடலாம். களை எடுக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்!"