கண் படாமல் ஏற்றிய லைப்ரரி

எங்கள் கல்லூரிக் கம்ப்யூட்டர் லேபில் செருப்புக்குத்தான் தடை, புளுகுக்கு இல்லை. அதனால் லேப் பொறுப்பாளர் இசக்கிராஜ் அண்ணாச்சி வெறுங்காலோடும் முழு வாயோடும் உள்ளே இருப்பார்.

அன்று மாட்டிக்கொண்டவள் இயற்பியல் ஆய்வு மாணவி சண்பகவடிவு. பருவக்காற்று பற்றிய அவளுடைய ஆய்வுக்கு மதியம் வாய்மொழித் தேர்வு. கேள்வி கேட்க வந்திருந்த வெளியூர்ப் பேராசிரியர் விருந்தினர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி முந்தின வாரம் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்திருந்தார்; அவளுடைய கணக்குகளுக்கு வேண்டிய லைப்ரரி, அதாவது யாரோ புண்ணியவான்கள் எழுதிவைத்த கணித நிரல்களின் தொகுப்பு, அதில் சுத்தமாகப் போய்விட்டது. அது திரும்ப ஏறினால்தான் வரைபடம் வரும். வரைபடம் வந்தால்தான் பட்டம்.

அண்ணாச்சி ஒரு வரி தட்டி என்டர் அடித்தார். உடனே பூப்போட்ட துணியை இழுத்து மானிட்டரை மூடினார்.

"ஏன் அண்ணாச்சி மூடுதிய?"

"ஏறும்போது யாரும் பாக்கக்கூடாது தங்கச்சி. கண்ணு பட்டுரும். போன தடவை ஒருத்தன் பாத்தான், பாதியில நின்னுட்டு."

அறிவியல் துறைகளில் இதற்கு வேறு விளக்கம் இருக்கலாம். நான் தமிழ்த்துறை, வினாத்தாள் அச்செடுக்க வந்தவன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள்.

"நல்லாக் கேட்ட" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். புளுகுக்கு உட்கார வேண்டும். நின்றுகொண்டு சொன்னால் அது வெறும் பொய்.

"பழைய லேபுல இதை முதமுதல்ல ஏத்துனதே நான்தான். ஏத்துனா, 'எனக்குத் துணைக்கு இன்னொரு லைப்ரரி வேணும்'னுச்சு. அதைக் கூப்பிட்டா, 'என் தம்பி இல்லாம வரமாட்டேன்'னுச்சு. தம்பிக்குச் சொல்லிவிட்டா மாமன், மச்சான், சகலைன்னு கல்யாண வீட்டுக் கூட்டமே வந்து நிக்கு! ஹார்ட் டிஸ்க்ல பாய் விரிக்க இடமில்ல. பக்கத்துக் கம்ப்யூட்டர்ல பந்தி வெச்சேன்."

"இலை போட்டா?" என்றார் விலங்கியல் ஆவுடையப்பன். அவர் வந்தது ஏ.சி.க்காக.

"கிண்டல் பண்ணாதேயும். அவ்வளவு பேரையும் ஏத்துனதுல சூடுன்னா சூடு, அப்படியொரு சூடு. பெட்டி மேல தோசை வார்த்தோம். ஹாஸ்டலுக்கே அன்னைக்கு அங்கனதான் பலகாரம்."

"சட்னி?"

"அது ப்ரின்டர்ல அரைச்சது. கேளும்! சூடு தணிக்க உள்ள இருந்த ஃபேன் சுத்துச்சு பாரும், சுத்துன வேகத்துல தாமிரபரணிக்கு மேல நின்ன மேகமெல்லாம் கிளம்பி மேற்க போயிட்டு. கேரளாவுல அந்த வருசம் மழை கொட்டுச்சா இல்லையா?"

"அங்க எல்லா வருசமும் கொட்டும்."

"எல்லா வருசமும் யாரோ இன்ஸ்டால் பண்ணுதான்!"

பருவக்காற்றை இத்தனை ஆண்டு ஆராய்ந்த சண்பகவடிவு, இந்தக் காரணத்தை ஆய்வேட்டில் சேர்க்காததற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. செல்போனைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, விருந்தினர் அறையில பாயசத்துக்கு வந்துட்டாவளாம். துணியை எடுத்துப் பாக்கட்டா?"

"தொடாத! விசயமே இனிமேதான். எல்லாத்தையும் ஏத்தியாச்சு. கடைசியா வந்தது எதைக் கேட்டுச்சு தெரியுமா? நான் முதல்ல ஏத்த வந்தேனே, அதே லைப்ரரியை! அது ஏறினாத்தான் இது ஏறும், இது ஏறினாத்தான் அது ஏறும். வேற எவனா இருந்தாலும் வேலையை எழுதிக் கொடுத்துட்டுப் போயிருப்பான்."

"நீரு?"

"முந்தின நாளே ஏத்திட்டேன்."

"எப்படிவே?"

"கம்ப்யூட்டர்ல தேதியை நேத்துன்னு மாத்துனேன். நானும் நேத்துச் சட்டையைப் போட்டுக்கிட்டு நேத்துக்கே போயி ஏத்திட்டு, சாப்பாட்டுக்கு இன்னைக்கு வந்துட்டேன்."

ஆவுடையப்பன் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த இடைவெளியில் சண்பகவடிவு துணியை உருவினாள்.

ஒன்றுமே ஏறியிருக்கவில்லை. திரையில் ஒரே ஒரு கேள்வி: துணை லைப்ரரிகளையும் சேர்த்து ஏற்றலாமா? ஆம் என்றால் y, இல்லை என்றால் n. பக்கத்தில் கர்சர் இமைத்துக்கொண்டிருந்தது. தோசை வார்த்தபோதும் மேகம் மேற்கே போனபோதும் அது இப்படியேதான் இமைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அவள் y தட்டினாள். அண்ணாச்சி துணியை மடித்து முடிப்பதற்குள் எல்லாம் ஏறி, பருவக்காற்று வரைபடமாக வந்து நின்றது.

"எப்படி வேகம் பாத்தியளா?" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "நேத்துக்குப் போனப்பவே இதுக்கும் சேத்துப் பாதி ஏத்தி வெச்சிருந்தேன்லா!"

சண்பகவடிவு வரைபடத்தைப் பென்டிரைவில் ஏற்றி உருவிக்கொண்டு வாசலுக்கு ஓடிச் செருப்பை மாட்டினாள்.

"அண்ணாச்சி, இனிமே அந்தத் துணியைக் கம்ப்யூட்டருக்குப் போடாதிய."

"பின்ன எதுக்குப் போட?"

"இங்க கண்ணு படுத மாதிரி இருக்கது உங்க வாய் ஒண்ணுதான். அதை மூடுங்க."