விட்டுப்போன ஏழு மணி நேரம்

பேரில்தான் குருநாதன், ஆள் சீடர். ஐம்பத்தொரு வயதில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, தன்னைவிடப் பத்து வயது இளையவரான பேராசிரியை அமலியிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தார். உடம்பில் கட்டிக்கொள்ளும் கருவிகளும் மொபைலும் வைத்தியத்துக்கு எப்படி உதவும் என்பது தலைப்பு. முந்நூறு கட்டுரை படித்திருந்தார். படித்தது போதாதென்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒப்பித்துக்கொண்டும் இருந்தார்.

தூத்துக்குடி உப்பளத்துப் பெண்கள் நாற்பது பேருக்கு, நாடித்துடிப்பை எண்ணும் கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். யார் யாருக்கு இதயப் பரிசோதனை தேவை என்ற பட்டியல் அன்று சாயங்காலம் டாக்டருக்குப் போகவேண்டும். குருநாதன் அதை முடித்துக்கொண்டு வந்தார். அதில் ஆவுடைத்தாய் பெயர் இல்லை.

அமலி இரண்டு தடவை தேடிப் பார்த்தார். ஆவுடைத்தாய் போன வாரம் பாத்தியிலேயே மயங்கி விழுந்தவர்.

"இவங்க பேரு எங்க சார்?"

"அவங்களுக்கு எல்லாம் பச்சை மேடம், கோளாறு ஒண்ணும் இல்ல. துடிப்பு எழுபத்திரண்டு."

"வேலை செய்யிறப்பவுமா?"

தினமும் காலையிலிருந்து ஏழு மணி நேரம் பதிவே இல்லை என்றார் குருநாதன். அதனால் என்ன, மிச்ச நேரத்தின் சராசரியை எடுத்து அந்த இடத்தை நிரப்ப ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

அமலிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஏன் பதிவு இல்லை என்று ஆவுடைத்தாயிடம் கேட்டீர்களா என்றார். கேட்டாராம். "நல்ல பொருளு சார். ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி, வேலையெல்லாம் முடிச்சு, குளிச்சிட்டுத்தான் போட்டுக்கிடுவேன்" என்றாராம் அவர். அதை 'ஒத்துழைப்பு நன்று' என்று குறித்துவைத்திருந்தார் குருநாதன்.

அதோடு விட்டாரா?

"அது கிடக்கட்டும் மேடம். இந்தத் துறை அடுத்து எங்க போகுது? அதுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது."

அமலி அவரை ஸ்கூட்டரில் ஏற்றி நேரே உப்பளத்துக்குக் கூட்டிப்போனார்.

பதினோரு மணி வெயில். ஒரு கைப்பட்டையை எடுத்து குருநாதன் கையில் இறுக்கிக் கட்டி, உப்பு வாரும் பலகையைக் கொடுத்தார். வாரிக்கொண்டே சொல்லுங்கள், கேட்கிறேன் என்றார்.

குருநாதனும் சளைக்கவில்லை. வியர்வையைச் சோதிக்கும் ஒட்டுப்பட்டை, வரப்போகிற நோயை முன்கூட்டியே சொல்லும் மொபைல், இதயத்துடிப்பை அளக்கும் சட்டை என்று வரிசையாகச் சொன்னார். பாத்தித் தண்ணீர் பட்டைக்கு அடியில் புகுந்து காய்ந்தது. கை அசையும்போதெல்லாம் உப்பு நறநறவென்று அரைத்தது. அரைமணி நேரத்தில் மணிக்கட்டு சிவந்து தோல் வழன்றது. பேச்சு அந்த இதயச் சட்டையோடு நின்றுபோனது.

பக்கத்து வரப்பில் ஆவுடைத்தாய் கூடையை இறக்கிவிட்டு, நெஞ்சில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கையில் பட்டை இல்லை. அமலி ஓடிப்போய் அவரை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

குருநாதன் பின்னாலேயே வந்து நின்றார்.

"எரியுது மேடம். இதைக் கழட்டிக்கிடட்டுமா?"

"தாராளமா கழட்டுங்க சார். இந்த நேரத்தை உங்க புரோகிராம் நிரப்பிக்கிடும். சாயங்காலம் டாக்டர்கிட்ட உங்களுக்கும் பச்சைன்னே சொல்லிருவோம்."