கிணற்றில் இறக்கிய பிரஷர்

செக்கடிப்பாறை என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்கள் யார் சொல்லையும் தட்டமாட்டார்கள். சொன்னது என்ன என்று யோசிக்கவும் மாட்டார்கள்.

அவ்வூர் வடம் இழுக்கும் அணியின் கடைசி ஆள் சங்கிலிபூதம். நூற்றிருபது கிலோ. வடத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் நின்றால் பக்கத்தூர் மருதங்குளத்து அணிக்கு மூச்சு வாங்கும். இந்த வருஷம் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டி புதிதாக ஒன்று சொன்னது: இழுக்கிறவர்கள் எல்லாரும் நர்ஸிடம் பிரஷர் பார்த்துச் சீட்டு வாங்க வேண்டும்.

சங்கிலிபூதத்துக்கு நூற்று எண்பது. முதலில் அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு வாங்கியதில்லை. துணைக்கு வந்த மனைவி மாடத்திக்கு நூற்றுப்பத்துதான். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவளைத் தேற்றினார்.

நர்ஸ் எஸ்தர் பொறுமையாக விளக்கினார். இந்த வயதில் பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் குறைவாக இருக்கும். உடம்பு பெரிதானால் ரத்தம் ஓட வேண்டிய தூரமும் அதிகம், இருதயத்துக்கு வேலையும் அதிகம்.

"மாத்திரை போடுங்க, உப்பைக் குறைங்க, நடங்க. கொடைக்கு ஒரு மாசம் இருக்கு அண்ணாச்சி. பிரஷரைக் கீழ இறக்கினாத்தான் சீட்டு."

சங்கிலிபூதம் பதறினார். தன்னால் ஊர் தோற்றால் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? அணித் தலைவர் ஐயாக்கண்ணுவிடம் போய் நின்றார்.

ரத்தம் ஓடும் தூரத்தைக் குறைப்பது என்று முதலில் முடிவாயிற்று. கையையும் காலையும் மடக்கி, நார்க்கட்டிலில் அவரைப் பொட்டலம் மாதிரி கட்டிவைத்தார்கள். மறுநாள் கால் மரத்துப்போயிற்று. ரத்தம் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

அடுத்து, பெண்களுக்குக் குறைவு என்றாரே நர்ஸ். மாடத்தியின் இரண்டு சேலைகளை ஒட்டுப்போட்டுத் தைத்து, ஒரு வாரம் கட்டிக்கொண்டு திரிந்தார். அந்தக் கோலத்திலேயே நர்ஸிடம் போனார். நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். நூற்று எழுபத்தெட்டு.

"சேலைக்கே ரெண்டு இறங்கிருக்கு," என்றார் ஐயாக்கண்ணு. "ஆனா அந்தம்மா கீழ இறக்கணும்னுல்லா சொல்லிச்சு. நாம இன்னும் இறக்கவே இல்லையே."

கொடையன்று காலை, கோயிலுக்குப் பின்னால் இருந்த, படி வைத்த வறண்ட கிணற்றில், சேலையோடேயே அவர் இடுப்பில் வடத்தைக் கட்டி இறக்கினார்கள். நாற்பதடி. அடியில் மணல். சங்கிலிபூதம் அண்ணாந்து பார்த்தார். வானம் தோசை அளவில் தெரிந்தது. மனசு லேசான மாதிரிதான் இருந்தது.

நர்ஸ் ஓடி வந்து, உடனே அவரை மேலே ஏற்றச் சொன்னார். ஐயாக்கண்ணு மறுத்தார்.

"ஏத்தினா ஏறிரும்லா சிஸ்டர்? நீங்க இறங்கிப் பாருங்க."

போட்டிக்கு வந்து காத்திருந்த மருதங்குளத்தார் எட்டுப் பேருக்கு மனசு கேட்கவில்லை. வடத்தைப் பிடித்து மேலே இழுத்தார்கள். எதிரணி இழுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? ஐயாக்கண்ணுவும் மற்றவர்களும் கிணற்றுப் படி வழியே விழுந்தடித்து இறங்கி, கீழே இருந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள். மருதங்குளத்தார் கை நழுவ, வடம் முழுக்கக் கிணற்றுக்குள் வந்து விழுந்தது. இந்த வருஷமும் ஜெயித்தாயிற்று. சங்கிலிபூதம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேலே நர்ஸுக்குத் தலை சுற்றியது. உட்கார்ந்து தன் கையிலேயே பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தார். மாடத்தி எட்டிப் பார்த்து, நூற்று அறுபது என்று கிணற்றுக்குள் சொன்னாள்.

கீழே இருந்தவர்களுக்குக் குழப்பம். பெண்களுக்குக் குறைவாகத்தானே இருக்க வேண்டும்?

"மேல நின்னா ஆணென்ன, பெண்ணென்ன. ஏறத்தான் செய்யும்," என்றார் ஐயாக்கண்ணு.

எல்லாரும் நகர்ந்து ஓர் ஆளுக்கு இடம் விட்டார்கள். சங்கிலிபூதம் வடத்தின் நுனியைச் சுருட்டி, பலம் கொண்ட மட்டும் மேலே வீசினார்.

"சிஸ்டர் இடுப்புல கட்டு மாடத்தி. நீங்க பயப்படாதீங்க சிஸ்டர், நாங்க எட்டுப் பேரும் கீழ இருந்து இழுக்கோம்."