நெஞ்சில் வைத்துப் பார்த்தவள்

குற்றாலிங்கம் இருபது வருடம் பெரியவர்களின் இதயத்தை அறுத்துத் தைத்தவர். ஐம்பத்தோரு வயதில் குழந்தைகளின் இதயத்தையும் கற்றுக்கொள்ளும் ஆசை வந்து, மதுரையில் டாக்டர் மெர்லினிடம் வந்து சேர்ந்தார். மெர்லின் அவரைவிட ஏழு வயது இளையவர். சொந்த ஊரில் 'பெரிய டாக்டர்' என்று பெயர் வாங்கியவருக்கு இங்கே வந்த எட்டு மாதமும் பக்கத்தில் நின்று தையல் நூல் பிடிப்பதிலேயே போனது. அந்தக் கடுப்பு மனசுக்குள் இருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் அவருக்கென்று ஒரு ஆபரேஷன் கிடைத்தது. தர்ஷனா என்ற மூன்று வயதுப் பிள்ளை. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை. அழுதால் உதடு நீலமாகிவிடும். ஸ்கேனை வைத்து அவள் இதயத்தை அப்படியே முப்பரிமாணத்தில் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். வார்டில் அதைப் 'பொம்மை' என்பார்கள். மென்மையான ரப்பரில் அதற்கு நான்கு நகல்களும் வந்திருந்தன. குற்றாலிங்கம் நான்கையும் வெட்டித் தைத்துப் பழகினார். ஓட்டையை அடைக்கும் ஒட்டுக்கு அளவெடுத்து, ஒரு தகடும் வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆபரேஷன் தியேட்டரில் அதை அளவாக வைத்துத்தான் ஒட்டை வெட்டவேண்டும்.

எல்லாம் தயார். பிள்ளையின் அம்மா முத்துப்பேச்சியின் கையெழுத்துதான் பாக்கி.

"நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்கம்மா. எங்க போடணும்?" என்று திங்கட்கிழமையே அவள் பேனாவைக் கேட்டாள்.

மெர்லின் சம்மதப் படிவத்தை டிராயரில் போட்டார். "நாளைக்குப் பாக்கலாம்."

செவ்வாய்க்கிழமையும் அவள் அதையேதான் சொன்னாள். படிவம் மறுபடி டிராயருக்குப் போனது.

புதன்கிழமை குற்றாலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், நாளைக்குத் தியேட்டர். விட்டா இன்னும் பதினெட்டு நாள் ஆகும். பிள்ளை தாங்குமா? அந்தம்மா கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்க. எதுக்கு இழுத்தடிக்கிறீங்க?"

"அவங்க இன்னும் ஒரு கேள்விகூடக் கேக்கலையே. பொம்மையை அவங்க கையில குடுத்தீங்களா?"

"காட்டினேன்."

"குடுத்தீங்களா?"

"அவங்களுக்கு அதுல என்ன மேடம் புரியும்?"

மெர்லின் எழுந்தார். "எடுத்துட்டு வாங்க. போவோம்."

குற்றாலிங்கம் வேண்டாவெறுப்பாகப் பின்னால் நடந்தார். நாலு மணிக்குள் தகட்டைக் கிருமிநீக்கத்துக்கு அனுப்பவேண்டும். இந்த நேரத்தில் பாடம் நடத்தச் சொல்கிறாரே என்றிருந்தது.

இருந்தாலும் வார்டில் குறை வைக்காமல் விளக்கினார். ஓட்டை எங்கே, ஒட்டு எங்கே, ரத்தம் எந்த வழியாகப் போகும் என்றெல்லாம் சொன்னார். முத்துப்பேச்சி ஒவ்வொன்றுக்கும் "சரிங்கய்யா" போட்டாள். அவர் சீன மொழியில் பேசியிருந்தாலும் அவள் சரிங்கய்யா என்றுதான் சொல்லியிருப்பாள்.

மெர்லின் பொம்மையை வாங்கி அவள் கையில் வைத்தார்.

அவள் கொஞ்ச நேரம் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தாள். பிறகு பிள்ளையை மடிக்கு இழுத்தாள். புதுக் கவுன் பிள்ளைக்குச் சேருமா என்று கடையில் வைத்துப் பார்ப்பார்களே, அப்படி அந்த இதயத்தை தர்ஷனாவின் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்கம்மா."

"இம்புட்டுப் பெருசா இருந்தா, பிள்ள மூச்சுவிட உள்ள ஏதுய்யா எடம்?"

குற்றாலிங்கம் சிரித்துவிட்டார். "நோயினால இதயம் வீங்கியிருக்கும்மா. அதுக்குத்தான ஆபரேஷன்."

"சரிங்கய்யா." ஆனால் கையை எடுக்கவில்லை. "இவ நெஞ்சுக்கூடே இம்புட்டுத்தானய்யா இருக்கு."

மெர்லின் அவர் பக்கம் திரும்பினார். "அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, டாக்டர்."

குற்றாலிங்கம் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தார். விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. பொம்மையைத் திரும்ப வாங்கினார். உள்ளங்கையில் அது பாந்தமாக உட்கார்ந்தது. இருபது வருடம் பெரிய இதயங்களைப் பிடித்த கை அது. பொம்மையைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மாணவர்களுக்குக் காட்ட ஒன்றரை மடங்கு பெரிதாக அச்சடித்தது என்று அதில் இருந்தது.

நான்கு நகல்களும் அதே அளவு. பையில் இருக்கும் தகடும் அதே அளவு.

"நீங்க கேட்டது சரிம்மா," என்றார். "இது பிள்ளையோட இதயத்தைவிடப் பெருசு. நான் கவனிக்கல." எந்த நோயாளியிடமும் அவர் இதுவரை அப்படிச் சொன்னதில்லை.

"அப்ப எடம் இருக்குல்லய்யா?"

"இருக்கும்மா."

அதற்குப் பிறகு முத்துப்பேச்சியை நிறுத்த முடியவில்லை. தையல் பிரிக்கும்போது வலிக்குமா, பள்ளிக்கூடத்தில் ஓடலாமா, தழும்பு தெரியுமா, எத்தனை நாளைக்குத் தூக்கக்கூடாது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரம் கழித்துத்தான் கையெழுத்தானது.

வராந்தாவில் குற்றாலிங்கம் மெதுவாகச் சொன்னார். "நெஞ்சைத் திறந்ததும் தெரிஞ்சிருக்கும், மேடம்."

"தெரிஞ்சிருக்கும். இதயத்தை நிறுத்தி வச்சுக்கிட்டு மறுபடி அளவெடுத்து வெட்டியிருப்பீங்க. எத்தனை நிமிஷம் ஆகும்?"

அவர் பையிலிருந்த தகட்டை வெளியே எடுத்தார். "நாளைக்கு நீங்களே பண்ணிடுங்க," என்றார்.

"பிள்ளை உங்க பிள்ளை. போய்ப் புதுசா அளவெடுங்க."

சாயங்காலம் சரியான அளவில் இன்னொரு இதயம் வந்தது. ஒரு கொய்யாக்காய் அளவுகூட இல்லை. அதைக் கையில் வாங்கியபோது அவருக்குப் பயமாக இருந்தது. பயந்துகொண்டேதான் புதுத் தகட்டை வெட்டினார். நாலு மணி தாண்டிவிட்டதால், கெஞ்சிக் கேட்டுத்தான் அதைக் கிருமிநீக்கத்துக்கு அனுப்பினார்.

வியாழக்கிழமை ஒட்டு கச்சிதமாகப் பொருந்தியது. இதயம் தானாகவே துடிக்க ஆரம்பித்தது. மதியம் தர்ஷனாவின் உதடு சிவந்திருந்தது. முத்துப்பேச்சி ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளையைப் பார்த்துவிட்டு இரண்டு டாக்டர்களும் கை கழுவ வந்தார்கள். குற்றாலிங்கத்துக்கு ராத்திரியெல்லாம் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது.

"மேடம், அது ஒன்றரை மடங்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். என்னைச் சோதிக்கத்தானே சொல்லாம விட்டீங்க?"

"தெரியாது. நானும் திருப்பிப் பாக்கல."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுவிய கையைத் துடைக்கவும் மறந்து நின்றார்.

"அப்ப அந்தம்மா வாயைத் திறக்காமலே இருந்திருந்தா?"

மெர்லின் குழாயை மூடினார்.

"படிவம் இன்னும் டிராயர்லதான் கிடந்திருக்கும்."