உப்பு வைக்கும் கை

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே விழட்டும்.

பஞ்சுமலை மடத்தில் மேகங்கள் வாசல் வழியாக வந்து, பந்தியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பின்கட்டு வழியாகப் போகும். அங்கே இலை போட்டதும் முதலில் உப்பு வைக்க வேண்டும், அதுவும் கையால். முப்பது வருஷமாக அந்தக் கை சமையற்காரர் ஆவுடையப்பனுடையது. அவருக்குக் குரு வேலம்மை. சீடரைவிட இருபது வயது இளையவர்.

ஆவுடையப்பனுக்கு இரண்டு முழங்கையிலும் சோரியாசிஸ் வந்தது. தோல் சிவந்து தடித்து, மேலே வெள்ளைச் செதில். அவர் கையை உதறினால் கீழே ஊரில் பனி பெய்கிறதென்று கம்பளி போர்த்திக்கொள்வார்கள்.

ஒருநாள் பந்தியில் ஒருவர் இலையை உற்றுப் பார்த்தார்.

"ஏன் ஓய், இது உப்புதானா?"

அன்றே ஆவுடையப்பன் உப்புச் சம்படத்தைக் கீழே வைத்துவிட்டார். ஒட்டிக்கொள்ளும் வியாதியில்லை என்று கீழே ஊர் டாக்டரம்மா சொல்லியும் அதைத் தொடவில்லை.

வேலம்மையோ வேறு யார் உப்பு வைக்க வந்தாலும் இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். உப்பில்லாமலே சாப்பிட்டார்.

டாக்டரம்மா இரண்டு களிம்பு கொடுத்திருந்தார். ஒன்று சிவப்பையும் அரிப்பையும் அடக்க. மற்றது தோல் தறிகெட்டு வளர்வதைக் குறைக்க. "ரெண்டையும் சேர்த்துப் போடுங்க" என்றுதான் சொன்னார். ஆவுடையப்பன் கெட்டிக்காரர் அல்லவா? வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று என்று பந்தயம் விட்டார்.

ஒரு மாதம் கழித்து, குருவின் முன் இரண்டு முழங்கையையும் நீட்டினார்.

"தாயே, இதுல சிவப்பு அடங்கியிருக்கு, செதில் போகலை. அதுல செதில் குறைஞ்சிருக்கு, சிவப்பு போகலை. எது பெரிய மருந்து? சொல்லுங்க, மத்ததைத் தூக்கி எறிஞ்சிடுறேன்."

"அடுப்புல பால் வெச்சிருக்கீங்களா?"

அய்யோ! நானூறு படிப் பால். நுரை அண்டாவைத் தாண்டி, படியிறங்கி, மேகத்தோடு கலந்துகொண்டிருந்தது. எது நுரை, எது மேகம் என்று மலைக்கே தெரியவில்லை. கொக்கு ஒன்று அதில் நீந்திப் போனது.

"விறகை மட்டும் இழுங்க" என்றார் வேலம்மை.

இழுத்தார். தணல் கனன்றது. நுரை ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"விறகைத் திரும்ப வைங்க. இப்போ கரண்டி மட்டும்."

கிண்டினார். தீ கொழுந்துவிட்டது. நுரை இடுப்புக்கு வந்தது.

"விளையாடுற நேரமா தாயே? மடமே மிதக்குது!"

கத்திக்கொண்டே இடக்கையால் விறகை இழுத்தார், வலக்கையால் கிண்டினார். தூங்கப் போகும் குழந்தைபோல நுரை மெல்ல மெல்ல அடங்கியது.

மிதந்து வந்த மணையைப் பிடித்துப் போட்டு வேலம்மை உட்கார்ந்தார்.

"எந்தக் கை ஜெயிச்சுது, ஐயா?"

ஆவுடையப்பன் போய் இரண்டு கையிலும் இரண்டு மருந்தையும் போட்டார். டாக்டரம்மா சொன்ன அளவு, சொன்ன நாள்.

ஆவணிப் பௌர்ணமிப் பந்தி. முழங்கையில் வெளிறிய தடம் மட்டும்தான். ஆவுடையப்பன் சம்படத்தோடு குருவின் இலை முன் குனிந்தார். இலையை மறைத்திருந்த கை விலகியது. ஒரு சிட்டிகை வைத்தார்.

"இனிமே இது வரவே வராதில்லையா, தாயே?"

வேலம்மை உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தார். கண் மூடி ருசித்தார்.

"நாளைக்கும் பால் காய்ச்சணுமே, ஐயா."

இதை யார் சொன்னதென்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு நுரையோடு மிதந்து வந்த மடத்துக் கரண்டி ஒன்று இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.