ஊருணி பச்சையானது

“ஊருணி மறுபடியும் பச்சையாகிவிட்டது, தாயே. நான் எதில் குறை வைத்தேன்?”

கேட்டவர் அம்பலவாணர், மடத்து நந்தவனத்தின் பொறுப்பாளர். கேட்கப்பட்டவர் ஞானாம்பிகை அம்மை; மடத்தின் தலைவி. சீடருக்குக் குருவைவிட வயது அதிகம். ஆகையால் அம்மை அவரை ‘ஐயா’ என்றே அழைப்பார்.

அன்று பௌர்ணமிக்கு முந்திய நாள். மடத்தில் தலை மழிக்கும் நாள். நந்தவனத்துப் புன்னை மரத்தடியில் அம்பலவாணர் குந்தியிருந்தார். நாவிதர் வேலாண்டியின் கத்தி அவருடைய வலப்பக்கத்தை முடித்துவிட்டு உச்சிக்கு வந்திருந்தது.

கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அம்பலவாணர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை.

“அசையாதீங்க சாமி,” என்றார் வேலாண்டி. “உங்க கவலை கத்திக்குத் தெரியாது.”

கவலைக்குக் காரணம் இருந்தது. நந்தவனம் மேட்டில் இருக்கிறது; அதன் காலடியில் ஊருணி. கீழூர் முழுவதும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. சென்ற மழை பெய்து சில நாள்களில் நீரெங்கும் பச்சைப் பாசி படர்ந்தது. கெண்டைகள் வயிறு மேலாக மிதந்தன. பெண்கள் முகர்ந்து பார்த்துவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். கீழூர்க்காரரான வேலாண்டியின் மனைவியும் இப்போது அடுத்த ஊர்க் கிணற்றுக்குத்தான் நடக்கிறார்.

அம்பலவாணர் தாம் செய்தவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னார். குருபூசைக்கு வருகிறவர்கள் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று, கரையோரத்துக் கோரையையும் அறுகையும் வேரோடு களைந்து பளிச்சென்று வைத்திருந்தார். மல்லிகைப் பாத்திகளுக்கு மூட்டை மூட்டையாக உரம் இட்டிருந்தார். மழைநீர் தேங்கி வேர் அழுகாதபடி, பாத்திகளிலிருந்து ஊருணிவரை நேராக வாய்க்கால் வெட்டியிருந்தார். பாசி படர்ந்ததும் தாமே இடுப்பளவு நீரில் இறங்கி அரித்தெடுத்தார். போதாததற்கு அந்திதோறும் கரையில் விளக்கும் ஏற்றிவந்தார்.

“கரையில் ஒரு புல்லைக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்,” என்றார். குரலில் பெருமிதம் எட்டிப் பார்த்தது.

“அதனாலதான் எங்க வீட்டு ஆட்டுக்கு உங்க மேல கோபம்,” என்றார் வேலாண்டி.

அம்பலவாணர் சிரிக்கவில்லை. “இன்று மழை வந்தால் எஞ்சிய நீரும் கெட்டுவிடும், தாயே. கீழூருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?”

எதிரே அமர்ந்திருந்த அம்மை எழுந்து வந்து சீடரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“வேலாண்டி, ஐயாவின் புருவங்களையும் வழித்துவிடுங்கள்.”

கத்தி நின்றது. அம்மை வேடிக்கை பேசுகிறவர் அல்லர்.

“புருவமா, அம்மா?”

“தலையைப் பளிச்சென்று வைக்கிறோம். முகம் மட்டும் ஏன் புதராகக் கிடக்க வேண்டும்? குருபூசைக்கு நாலு பேர் வருகிறார்கள்.”

வேலாண்டி தயங்கித் தயங்கிக் கிண்ணத்து நீரைத் தொட்டுச் சீடரின் நெற்றியை நனைத்தார். குருவின் சொல்லை மறுத்தறியாத அம்பலவாணர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

கத்தியின் குளிர்ச்சி புருவத்தில் பட்டது. அவருடைய கை தானாகவே எழுந்து அதைத் தடுத்தது.

“வேண்டாம், தாயே. தலை வேறு, இது வேறு. நாளெல்லாம் வெயிலில் நிற்கிறவன் நான். புருவம் போய்விட்டால் நெற்றியிலிருக்கும் உப்பும் வேர்வையும் நேராகக் கண்ணுக்குள்...”

வாக்கியம் அங்கேயே நின்றது.

அவர் மெல்லத் திரும்பினார்.

மேலே உரமிட்ட பாத்திகள். கீழே வழித்துவிட்டாற்போன்ற கரை. நடுவில், உரம் கரைந்த மழைநீர் எங்கும் வளையாமல் இறங்கும் வாய்க்கால்.

முதல் துளி அவருடைய தலையின் மழித்த பக்கத்தில் விழுந்து, எங்கும் நிற்காமல் வழிந்தது.

அம்பலவாணர் மண்வெட்டியைப் பற்றிக்கொண்டு ஓடினார். வாய்க்காலின் தொடக்கத்தில் நின்று, வெட்டிப் போட்டிருந்த மண்ணையெல்லாம் வாரி வாரி அதன் வாயை அடைக்கத் தொடங்கினார்.

கத்தியும் கையுமாக வேலாண்டி விழித்தார்.

“பாதித் தலை மிச்சம் இருக்கே, அம்மா.”

“இருக்கட்டும்,” என்றார் அம்மை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே. “நீங்களும் ஒரு மண்வெட்டி எடுங்கள்.”