கனம் கூட்டிய இதழ்

ஏகாம்பரத்துக்கு அவருடைய ஆய்வு வழிகாட்டி ஜரீனாவைவிட வயது அதிகம். பாலிடெக்னிக்கில் விடுப்பு போட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். ஜரீனா அவரை சார் என்பார். அவர் மேடம் என்பார். இதில் யாருக்கு யார் வாத்தியார் என்று ஆய்வகத்தில் கேலி உண்டு.

செயற்கை இதய வால்வு ஒன்றைக் கணினிக்குள் இயக்கிப் பார்ப்பது ஏகாம்பரத்தின் வேலை. ஒரு நிரல் ரத்த ஓட்டத்தைக் கணக்கிடும். மற்றொன்று வால்வின் மெல்லிய இதழ் எவ்வளவு வளைகிறது என்று கணக்கிடும். ரத்தம் தள்ளினால் இதழ் வளையும். இதழ் வளைந்தால் ஓட்டம் மாறும். அவர் கணக்கில் இதழ் திறக்கத் தொடங்கியதுமே படபடக்கும். எண்கள் எகிறும். எல்லாம் நின்றுவிடும்.

மாத இறுதியில் விடுப்பு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டம் இல்லாமல் திரும்ப வேண்டும்.

அன்று காலை திரையில் இதழ் அழகாகத் திறந்து மூடியது.

ஜரீனா இரண்டு முறை பார்த்தார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இதழின் எடையைப் பத்து மடங்காக்கியதாக ஏகாம்பரம் சொன்னார். ரத்தத்தைப் போல லேசாக இருந்தால் அது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்றார்.

"வராந்தாவுக்கு வாங்க சார். நீங்க இதழ், நான் ரத்தம்."

வராந்தாவின் இருபுறமும் பழைய கணினிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். இருவரும் எதிரெதிரே வேகமாக நடந்தார்கள். ஏகாம்பரம் ஒதுங்கிய பக்கமே ஜரீனாவும் ஒதுங்கினார். உடனே இருவரும் மறுபக்கம் பாய்ந்தார்கள். மறுபடி இந்தப் பக்கம். ஏகாம்பரத்தின் தோள் பட்டு ஒரு பெட்டி விழுந்தது.

பிறகு யுபிஎஸ் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார் ஜரீனா. அந்தக் கனத்தோடு ஏகாம்பரத்தால் ஒதுங்க முடியவில்லை. நேராக வந்தார். ஜரீனா சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

"இப்ப இடிக்கலையே மேடம்."

"இடிக்கலை. ஆனா வந்தது நீங்க இல்லை, பேட்டரி."

இதழ் தாமதமாக மூடுவதைக் கவனித்தீர்களா என்றும் கேட்டார். அந்தத் தாமதத்தில் ரத்தம் இதயத்துக்கே திரும்பிப் போகிறது.

ஏகாம்பரம் பேட்டரியை இறக்கி வைத்தார். மீண்டும் எதிரெதிரே நின்றார்கள். இம்முறை ஜரீனா கால் எடுத்து வைக்கவில்லை. தோளை மட்டும் சற்றுச் சாய்த்தார். ஏகாம்பரம் அதைப் பார்த்துத் தானும் சாய்ந்தார். அது அதிகம் என்று பட்டதும் பாதி திரும்பினார். ஜரீனா இன்னும் கொஞ்சம் விலகினார். இப்படி நின்ற இடத்திலேயே வெகுநேரம். பின்பு இருவரும் ஒன்றாக அடி வைத்தார்கள். உரசாமல் கடந்தார்கள்.

ஏகாம்பரம் உள்ளே போய் இதழின் எடையைப் பழையபடி மாற்றினார். காலையில் காட்டிய படத்தை அழித்தார். ஒவ்வொரு கணத்துக்கும் இப்படி நின்று நின்று போனால் விடுப்பு முடிவதற்குள் கணக்கு ஓடி முடியாது என்றார். ஜரீனா மறுக்கவில்லை. நீட்டிப்புக்கு எழுதித் தருவதாகச் சொன்னார். கிடைக்கும் என்று சொல்லவில்லை.

"கிடைக்கலைன்னா பாலிடெக்னிக்ல பாடம் எடுத்துக்கிட்டே கணக்கை ஓட்டுறேன்" என்றார் ஏகாம்பரம். நிரலைத் திறந்தார்.

"ஒரு அடி நகர்றதுக்குள்ள ரெண்டு நிரலையும் எத்தனை தடவை பேச விடணும் மேடம்?"

"ஒத்துப்போற வரைக்கும்."

"ஒத்துப்போகலைன்னா?"

"அந்தக் கணம் இன்னும் முடியலை சார்."